ஆக்சிமீட்டர் ஒரு தடவை 97, மறு தடவை 91: எதை நம்புவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் கொரோனாவோடு வீட்டில் இருக்கும் தாத்தாவுக்கு, விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் மாறி மாறிக் காட்டுகிறது. என்ன செய்ய?

முதலில் விரலைப் பாருங்கள். குளிர்ந்த கை, நகப்பூச்சு, கறுத்துப் பிடித்த மருதாணி எல்லாமே எண்ணைக் கெடுக்கும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டுங்கள். மாட்டியதும் வரும் எண்ணை எழுதாதீர்கள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்து, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள். கருவி காட்டும் துடிப்போடு அது ஒத்துவரவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப முடியாது.

தாத்தா பீடி குடிப்பவரா? நம்ம பக்கம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. பீடிப் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதையும் ஆக்சிஜன் என்றே கருவி எண்ணிக் கூடுதலாகக் காட்டும். அவருக்கு 95 வந்தாலும் மூச்சைக் கவனியுங்கள்.

சரியாக அளந்தும் 90-93 என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள். 90-க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச மூச்சு போதாவிட்டாலோ 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) கொண்டுபோங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்கவைக்கலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வேண்டாம்.

காய்ச்சல் விட்டதே என்று அளப்பதை நிறுத்திவிடாதீர்கள். அறிகுறி தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரைதான் ஆக்சிஜன் பெரும்பாலும் திடீரென்று இறங்கக்கூடும்.