தமிழ் எழுத்துருவை வெளியிடும் முன் எங்கெல்லாம் சோதிக்க வேண்டும்?

திரையில் நன்றாக வருகிறது, இன்னும் என்ன சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய அளவில், வெள்ளைப் பின்னணியில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த எழுத்து கடைசியில் எதில் அச்சாகப் போகிறதோ அதிலேயே அடித்துப் பாருங்கள்.

ஒரு மளிகைக் கடைக்காக எழுத்துரு செய்தேன். பெயர்ப்பலகை, பை, விலைச்சீட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். பலகையில் கம்பீரமாக இருந்தது, கடைக்காரருக்கு அதுவே போதும். விலைச்சீட்டைக் கடையின் தெர்மல் பிரிண்டரிலேயே அடித்துப் பார்க்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். அந்த வகை பிரிண்டர்கள் பெரும்பாலும் 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி, மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 2 மி.மீ. உயர எழுத்துக்கு 16 புள்ளிதான் கிடைக்கும். அதற்குள் ‘ண’வின் சுழிகள் எல்லாம் அடங்க வேண்டும். ‘எண்ணெய்’, ‘வெண்ணெய்’ இரண்டிலும் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாக வந்தன. மெய்ப்புள்ளி எழுத்தோடு ஒட்டிவிட்டது. சரி என்று சிறிய அளவுக்கென்றே தனி வடிவம் வரைந்தேன்: கோடு மெலிந்தது, ‘ண’ அகலமானது, புள்ளி மேலே ஏறியது. அப்புறம் கடையில் வேலை பார்க்கும் அக்காக்களிடம் சீட்டை நீட்டி வாசிக்கச் சொன்னேன். ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். வாசிக்கும்போது தடுமாறும் இடம்தான் நமக்கு வேண்டியது.

இதையெல்லாம் மென்பொருளே சோதிக்குமே என்று சிலர் வருவார்கள். எழுத்துருவில் பிழை தேடும் ஃபான்ட்பேக்கரி என்ற மென்பொருளை நானும் ஓட்டுகிறேன், அது அவசியம்தான். ஆனால் அது பார்ப்பது கணினியில் இருக்கும் எழுத்துருக் கோப்பை, அச்சான தாளை அல்ல.

கணினியிலும் சில வேலை இருக்கிறது. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீட்டாலும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டிப் பாருங்கள். ‘ஸ்ரீ’யை ஸ வைத்தும் ஶ வைத்தும் பாருங்கள். போன் செயலிகளின் பொத்தான்களில் ‘பூ’, ‘யூ’ அடியில் வெட்டுப்படுகின்றனவா என்று கவனியுங்கள். ரூபாய்க் குறி 2010-இல் வந்தது, இன்றும் அதை வரையாமல் விடுகிறார்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தால், உடனே எழுத்துருவைத் திருத்தக் கிளம்பாதீர்கள். இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அதன் வேர்ல்டு ரெடி கம்போசர் அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆங்கில எழுத்துருவுக்கு மறுபேச்சில்லாமல் உரிமம் வாங்குகிறவர்கள், தமிழ் என்றதும் ‘அது நெட்ல சும்மா கிடைக்குமே’ என்கிறார்கள். என்னிடமே சொல்லியிருக்கிறார்கள், இன்றும் ஆறவில்லை. அதனால் சோதனை அச்சுச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.