குறுந்தூர வான் பாதுகாப்புக்கு ரேடார் கட்டளை வாகனம் எதற்கு?

தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகளும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் கையில் இருக்க, தனியாக ஒரு ரேடார் வண்டி ஏன் என்பது நியாயமான கேள்விதான்.

ரேடாரும் ரேடியோவும் கட்டளை அதிகாரியின் இருக்கையும் ஒரே கவச வண்டிக்குள் இருப்பதே இந்த வாகனம். சோவியத் 'ஓவோட்' நல்ல உதாரணம். எம்டி-எல்பி என்ற சங்கிலிச் சக்கர வண்டியில் பொருத்தப்பட்டது; நேட்டோ அதை 'டோக் இயர்' என்று அழைக்கும்.

தேவை நேரத்தால் வருகிறது. ஸ்ட்ரெலா-10 போன்ற ஏவுகணை எட்டுவது சுமார் 5 கிலோமீற்றர். விநாடிக்கு 250 மீற்றர் பறக்கும் விமானம் அதை 20 விநாடியில் கடந்துவிடும். அதற்குள் வானம் முழுக்கத் தேடி, நம்முடையதா எதிரியுடையதா என்று பார்த்து, குறிவைத்துச் சுட வேண்டும். வெறுங்கண்ணுக்கு நடக்கிற காரியமா? கட்டளை வாகனம் பல பத்து கிலோமீற்றருக்கு முன்பே கண்டு, எந்தத் திசையைப் பார், யார் சுடுவது என்று ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லிவிடும்.

பிரேமதாச மைதானத்தில் பந்து உயரே போகும்போது விக்கெட் காப்பாளர் ஒரு பெயரைக் கத்துவாரே, அதுதான் இது. கத்தாவிட்டால் இருவர் மோதுவார்கள், அல்லது இருவருமே விட்டுவிடுவார்கள்.

வண்டியில் வைப்பதற்கும் காரணம் உண்டு: ரேடார் அலை வீசினாலே எதிரிக்கு இடம் தெரிந்துவிடும், உடனே நகர வேண்டும். மலைக்குப் பின்னால் தாழப் பறப்பதை இந்த ரேடாராலும் பார்க்க முடியாது.

பலர் நினைப்பதுபோல் விமானத்தைச் சுட்டு வீழ்த்துவது இந்த வண்டி அல்ல. ஓவோடில் ஏவுகணையே கிடையாது.