‘கம்பெனி வேலை’ என்று எழுதினால் போதாது
வாசகர் கேள்வி – பதில்: தொழில் மருத்துவப் பயிற்சி

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்திருக்கிறேன். தொழிற்சாலை மருத்துவராகச் சேர ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதத் தொழில் மருத்துவப் படிப்பைப் படிக்கலாம் என்று இருக்கிறேன். மூன்று மாதத்தில் ஓ.பி.யில் தனியாக உட்காரும் அளவுக்குத் தேற முடியுமா? எந்த இடத்தில் சேருவது? (பட்டதாரி, கோவை)

பதில்: சட்டம், நச்சியல், தொழிற்சுகாதாரம் ஆகியவற்றை வகுப்பில் கேட்டு முடிக்கவே மூன்று மாதம் சரியாக இருக்கும். ஓ.பி. பழக்கம் தனியாக வர வேண்டும். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் உட்படப் பல இடங்களில் இந்தப் படிப்பு நடக்கிறது. சேரும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். புது நோயாளியைப் பயிற்சி மருத்துவரே முதலில் பார்த்து, ஆசிரியரிடம் சொல்லி, கோப்பில் எழுதுகிறாரா? அந்த நோயாளி வேலை செய்கிற இடத்துக்கு நேரில் கூட்டிப்போகிறார்களா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், நீங்கள் கற்கப்போவது பொது மருத்துவம்தான்.

ஓ.பி.யில் முதலில் பழக வேண்டியது வேலை வரலாறு எடுப்பது. ‘என்ன வேலை பார்க்கிறாய்?’ என்று நோயாளியிடம் தவறாமல் கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். இன்றும் நம் ஓ.பி. சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் ‘கம்பெனி’ என்று இருக்கும். நீங்கள் கோவைக்காரர் என்பதால் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியையே எடுத்துக்கொள்வோம். ‘ஃபவுண்டரி வேலை’ என்பதிலிருந்து எதுவும் தெரியாது. ஃபெட்லிங்கில், அதாவது வார்ப்பைச் சுத்தம் செய்யும் பகுதியில் இருப்பவர் வார்ப்பில் ஒட்டிய மணலைக் கிரைண்டரில் தேய்க்கிறார், அவருக்குச் சிலிக்கா தூசி. வார்ப்புக்குள் வைக்கும் மணல் அச்சைச் செய்யும் கோர் ஷாப்பில் ரெசின் ஆவி. உலையடியில் வெப்பமும் கார்பன் மோனாக்சைடும். அதனால் ‘ஷிஃப்ட் ஏறினதிலிருந்து இறங்குற வரைக்கும் என்ன செய்றீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க’ என்று கேளுங்கள். ஈரமாகத் தேய்க்கிறாரா, உலர்வாகவா? முகத்தில் மாஸ்க்கா, கர்ச்சீஃப்பா? முடிந்ததும் உடம்பில் இருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிவிட்டுக்கொள்கிறாரா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள், கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

பழைய வேலைகளையும் வரிசையாக எழுதுங்கள். இன்று வாட்ச்மேனாக இருப்பவர் 20 வருடம் முன்பு கல் அரவை ஆலையில் இருந்திருக்கலாம். சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், அன்று உள்ளே போன அந்தத் தூசியின் கணக்கு. நுரையீரலின் மேல்பகுதியில் சிறு முடிச்சுகள் தெரிவதால் அதைக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. சளியில் கிருமி கிடைக்காமலே இரண்டாம் முறை காசநோய் மருந்து சாப்பிடுபவரைப் பார்த்தால் வேலை வரலாற்றைத் திரும்ப எடுங்கள். ஆனால் சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்தும் கூடுதல், அதனால் சளிப் பரிசோதனையை விடவும் கூடாது.

அடுத்தது நேரம். பஞ்சாலைக்காரர் வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது, மறுநாள் குறைகிறது என்றால் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயை நினைக்க வேண்டும். வாரம் போகப்போக மோசமாகி, லீவில் ஊருக்குப் போனால் சரியாகிறது என்றால் அது தொழில்சார் ஆஸ்துமாவின் போக்கு. ‘மூச்சுத் திணறல், 2 வருடம்’ என்று மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

கேள்வி: எங்கள் ஆலையில் எடுக்கும் ஆடியோகிராம் (காது கேட்கும் திறனின் வரைபடம்) ஒரே ஆளுக்கு ஆறு மாதத்தில் 15 டெசிபல் மேலும் கீழும் போகிறது. இயந்திரம் பழுதா? (ஆலை மருத்துவர், ஓசூர்)

பதில்: இயந்திரத்தைக் குறை சொல்லும் முன், பரிசோதனை எந்த நேரத்தில் நடந்தது என்று பாருங்கள். ஷிஃப்ட் நடுவில், சத்தம் மிகுந்த பிரஸ் ஷாப்பிலிருந்து கூட்டிவந்து உட்கார வைத்தால், சத்தத்தால் தற்காலிகமாக மந்தமான காதைத்தான் அளப்பீர்கள். குறைந்தது 14 மணி நேரம் சத்தத்திலிருந்து விலகி இருந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. அதற்கு முன் காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பில் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால் எடுத்துவிட்டு வேறொரு நாள் சோதியுங்கள்.

ஹெட்ஃபோனில் சிவப்பு வலது காது, நீலம் இடது காது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் தொடங்கி, அது காதில் விழுந்தால் 10 டெசிபல் இறக்கி, விழாவிட்டால் 5 ஏற்றிப் போங்கள். கடைசியில் அதே காதில் 1000-ஐ மறுபடி சோதியுங்கள். இரண்டுக்கும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆள் விதியைப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். திரும்பத் தொடங்குங்கள். தினமும் காலையில், காது நன்றாகக் கேட்கும் ஒருவர் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுப்பார்க்க வேண்டும். வயர் லூஸாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

சத்தத்தால் வரும் பாதிப்பில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை, பெரும்பாலும் 4000-இல், வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும், 8000-இல் மேலே ஏறும். வயதால் வருவதில் 8000-இலும் ஏற்றம் இருக்காது. ஒரு காதில் மட்டும் பெரிய குறை இருந்தால் அதைச் சத்தத்தின் கணக்கில் எழுதிவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: பேட்டரி உடைத்து ஈயம் எடுக்கும் இடத்துத் தொழிலாளிக்கு ரத்த ஈய அளவு இரண்டு லேப்களில் இரண்டு விதமாக வந்தது. எதை நம்புவது?

பதில்: ரத்தம் எடுத்த விதத்தை விசாரியுங்கள். வேலை உடுப்போடு, ஆலைக்குள்ளேயே, விரல் நுனியில் குத்தி எடுத்திருந்தால் தோலில் ஒட்டிய ஈயமும் சேர்ந்து வந்திருக்கும். குளித்து உடை மாற்றி வரச் சொல்லி, கையைச் சோப்பு போட்டுக் கழுவவைத்து, பிறகு ஸ்பிரிட் தடவி, சிரையிலிருந்து, ஈயக் கலப்பில்லாத குழாயில் முழு ரத்தமாக எடுக்க வேண்டும். சீரத்தில் பார்த்துப் பயனில்லை, ஈயம் சிவப்பணுக்களில்தான் இருக்கும். ரத்த அளவு சமீபத்திய சில வாரங்களைத்தான் காட்டும், எலும்பில் சேர்ந்தது பல வருடம் தங்கும். வேலையிலிருந்து விலக்காமல், ஈயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் கீலேஷன் மருந்து மட்டும் கொடுப்பது தவறு. அதைத் தடுப்பு மருந்துபோல் மாதாமாதம் கொடுப்பது அதைவிடத் தவறு. வயிற்று வலியும் மலச்சிக்கலுமாக வருகிற ஈயத் தொழிலாளியைக் குடல்வால் என்று எண்ணி அறுவைக்கு அனுப்புவதற்கு முன் ஹீமோகுளோபினையும் ஈய அளவையும் பாருங்கள்.

கேள்வி: பரிசோதனை முடிந்ததும் முழு ரிப்போர்ட்டையும் ஹெச்.ஆர். கேட்கிறார். கொடுக்கலாமா? (பயிற்சி மருத்துவர்)

பதில்: ஹெச்.ஆருக்குப் போக வேண்டியது வேலைக்குத் தகுதியா, கட்டுப்பாட்டோடு தகுதியா, தற்காலிகமாகத் தகுதியில்லையா என்பது மட்டும். நோயின் பெயரும் முழு அறிக்கையும் தொழிலாளியிடம். கட்டுப்பாட்டையும் தெளிவாக எழுதுங்கள். ‘லேசான வேலை’ என்று எழுதினால் சூப்பர்வைசர் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொள்வார். ‘6 வாரத்துக்கு 10 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தோளுக்கு மேல் கை உயர்த்தும் வேலை கூடாது, அதன்பின் மறுபரிசோதனை’ என்று எழுதினால் மறுக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு: பட்டியலிட்ட 29 தொழில் நோய்களில் ஒன்று என்றால் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது மருத்துவரின் சட்டக் கடமை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவு சொன்ன இதை, 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. நிர்வாகம் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றாலும் அது பொறுக்கிற விஷயமில்லை. நகல் ஒன்றை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தத் தொழிலாளி இழப்பீடு கேட்கும்போது முதலில் தேடப்படுவது அந்தத் தாளும், அதற்கு ஆதாரமாக நீங்கள் எழுதிவைத்த வேலை வரலாறும்தான்.