குடவோலையில் யார் பெயர்?

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். சோழர் காலத்தில் ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குலுக்கலில் ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை நாடகமாகப் போட்டோம். தலைப்பாகை, ஒட்டுமீசை, ஒரே சிரிப்பு. மறுநாள் கேட்டால், ‘பானையில் சீட்டு எடுத்தார்கள்’ என்பதற்குமேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இதை நம் ஊரோடும் நாட்டோடும் சேர்த்து எப்படி நடத்துவது? தேர்வில் என்ன கேட்பது?

த.

அன்புள்ள த.,

நாடகத்தில் முடிவு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது, பிள்ளைகள் யோசிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பானைக்குள் யார் பெயர் போகலாம் என்பதில்தான் பாடமே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டில் (919, 921) பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதிகளே விளையாட்டின் விதிகள்.

35 வயதுக்கு மேல், 70க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது அக்கால நில அளவு). சொந்த மனையில் வீடு. மந்திரப் பிராமணம் (வேதப் பகுதிகள்) கற்றிருக்க வேண்டும். அரைக்கால் வேலிதான் என்றாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூல்) கற்றிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. இவற்றைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

40 பேர் என்றால், ஆளுக்கொரு கற்பனை ஊர்க்காரரின் விவரம் எழுதிய 40 அட்டை, குடும்புக்கு (ஊரின் பகுதி, இன்றைய வார்டு போல) 8 வீதம் 5 குடும்பு (உத்திரமேரூரில் 30). குடும்புக்கு மூன்று அட்டைதான் தேற வேண்டும். பாதிக்கு மேல் தேறினால் விதிகளை யாரும் படிக்க மாட்டார்கள். பெண்கள், குத்தகைக்காரர், தச்சர் அட்டைகளும் இருக்கட்டும். கணக்குக் காட்டாத ஒருவருக்கு மைத்துனராக இன்னொரு அட்டையைச் செய்து, வேறு குடும்பில் ஒளித்து வையுங்கள். அட்டைகளைக் குலுக்கல் முறையில் கொடுத்து, எண்ணைச் சொல்லியே கூப்பிடுங்கள். பிள்ளையின் சொந்தக் குடும்பநிலை அதில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. முதல் பீரியட் இதற்கே சரியாக இருக்கும்.

இரண்டாவது பீரியடில் குலுக்கல். சீட்டுகளை ஒரே தாளிலிருந்து ஒரே அளவில் வெட்டி, ஒரே பேனாவால் எழுதி, சுருட்டுங்கள். மடித்தால் மடிப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். குடும்புவாரியாகக் கட்டி வாயகன்ற பானையில் போடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரு கட்டை எடுக்கட்டும். அதைப் பிரித்து வேறு பானையில் போட்டுக் குலுக்கி, ஒரு சீட்டு. வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. ஏன் என்று கேட்டு நிறுத்துங்கள், பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

விலக்கப்பட்ட அட்டைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அடக்க வேண்டாம், ஆளுக்கொரு வரி ஆட்சேபம் எழுதச் சொல்லுங்கள். இது நிலமுள்ள பிராமணர்களின் சபை, ஊர் முழுவதற்குமான ஓட்டு இல்லை என்பதை அப்போது மழுப்பாமல் சொல்லலாம். ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஜனநாயகம்’ என்று முழங்குவது மேடைக்குச் சரி, வகுப்புக்கு ஆகாது.

பிறகு உங்கள் ஊராட்சிக்கு வாருங்கள். 1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தப்படி 21 வயதானால் போட்டியிடலாம், நிலம் தேவையில்லை. தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆட்சேபம் எழுதியவர்கள் தங்கள் வரிக்கு இங்கே பதில் இருக்கிறதா என்று தேடட்டும்.

தேர்வுக்கு ஒரு அட்டையையே கேள்வியாக்குங்கள்: ‘52 வயது, அரை வேலி நிலம், சொந்த மனையில் வீடு, மந்திரப் பிராமணம் கற்றவர், சென்ற ஆண்டு ஏரி வாரியத்தில் இருந்தவர். தேறுவாரா?’ முடிவுக்கு 1 மதிப்பெண், காரணத்துக்கு 2. மனப்பாடம் செய்த பிள்ளை நிலத்தைப் பார்த்ததுமே ‘தேறுவார்’ என்று எழுதிவிடும்.