குட்டி கோரி என்று வாங்கியது வளர்ந்துகொண்டே போகிறது

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் ஒரு வண்ணமீன் கடையில் "பெப்பர் கோரி, ஒரு இன்ச்சுக்கு மேல் வளராது" என்று சொல்லி ஆறு குட்டிகளை 480 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒன்றரை அடித் தொட்டி, போர் தண்ணீர், அடியில் கடற்கரை மணல், அழகுக்கு ஒரு பவளத் துண்டு. மூன்றே மாதத்தில் மீன்கள் இரண்டு இன்ச்சைத் தொட்டுவிட்டன. உடம்பு முழுக்கக் கறுப்புத் திட்டு, முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கறுப்பு அடையாளம். கோடை வெயிலில் இரண்டு செத்துப்போயின. கடைக்காரரோ "சொன்ன மீனைத்தான் கொடுத்தேன்" என்கிறார். பில் தரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களிடம் இருப்பது கோரிதான், ஆனால் நீங்கள் கேட்ட கோரி இல்லை. "பெப்பர்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மீன்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பெப்பர்டு கோரி, அதாவது கோரிடோரஸ் பேலியேட்டஸ். இன்னொன்று சால்ட் அண்ட் பெப்பர் கோரி, அதாவது கோரிடோரஸ் ஹப்ரோசஸ். இரண்டும் தென் அமெரிக்கக் கெளுத்தி வகை. செதிலுக்குப் பதில் விலாவில் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் கவசம் போலப் படிந்திருக்கும்.

ஹப்ரோசஸ் வெனிசுலா, கொலம்பியா பக்கத்து மீன். முழுதாக வளர்ந்தாலும் ஒரு இன்ச் அளவில் நின்றுவிடும். ஒல்லியான உடம்பு, நடுவில் கறுப்புத் திட்டுகள் வரிசையாகச் சேர்ந்து கோடு போலத் தெரியும். பேலியேட்டஸ் தடித்த உடம்புக்காரன், இரண்டரை இன்ச்சைத் தாண்டும். நீங்கள் சொல்லும் முதுகுத் துடுப்பு அடையாளமும் அதற்குப் பொருந்துகிறது. டார்வின் தன் பீகிள் பயணத்தில் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842இல் ஜெனின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். குட்டியாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கஷ்டம். அதனால் கடைக்காரர் தெரிந்தே ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து வந்த பையில் "பெப்பர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இனிமேல் வாங்கும்போது அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லைக் கேளுங்கள். 2024இல் கோரிகளைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டதால் முதல் சொல் மாறியிருக்கலாம். இந்த இரண்டுமே இப்போது ஹோப்லிசோமா என்ற பேரினம். இரண்டாம் சொல் கடைசி எழுத்தில்தான் மாறும், அது போதும். உண்மையிலேயே குட்டியான கோரிகள் இன்னும் இரண்டு உண்டு. மூக்கிலிருந்து வால்வரை ஒரே கறுப்புக் கோடு ஓடினால் பிக்மேயஸ். வால் அடியில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் ஹஸ்டேட்டஸ். இவை இரண்டும் அடியிலேயே கிடக்காமல் நடுத் தண்ணீரில் கூட்டமாக நீந்தும். கடையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், செத்த இரண்டு மீன்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். இன்னும் நான்கு மீன்கள் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன. பேலியேட்டஸ் லா பிளாட்டா ஆற்றுப் பகுதி மீன், குளிர்ந்த நீர் பிடிக்கும். 24 டிகிரிக்குக் கீழே இருந்தால் தெம்பாக இருக்கும். நம் ஊர்க் கோடையில் தொட்டித் தண்ணீர் 30ஐச் சாதாரணமாகத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. கோரி அவ்வப்போது மேலே ஓடிவந்து ஒரு வாய் காற்றை விழுங்குவது இயல்புதான், குடலாலேயே மூச்சு விடக்கூடியது. ஆனால் அடிக்கடி ஓடிவந்தால் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். கரண்ட் போகும் ஊர் என்றால் பேட்டரி பம்ப் ஒன்று அவசியம்.

கடலோரப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். போதாக்குறைக்குக் கடற்கரை மணலில் உள்ள சிப்பித் தூளும் பவளத் துண்டும் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் நாம் அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. மழமழப்பான ஆற்று மணல் ஒரு இன்ச் போதும். கூர்மையான ஜல்லியில் மீசை தேய்ந்து போகும். காவிரிக் குடிநீர் வந்தால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீரோடு போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 300க்குக் கீழே கொண்டுவாருங்கள். இதை ஒரே நாளில் செய்யாமல், வாரம் கால் பங்காக மாற்றுங்கள். "நோய் வராது" என்று யாராவது கல்லுப்பு போடச் சொன்னால் வேண்டாம்.

மற்ற மீன் மிச்சம் வைத்ததைத் தின்று கோரி பிழைத்துக்கொள்ளும் என்பதும் தவறு. அடியில் மூழ்கும் பெல்லட்டை விளக்கணைத்த பிறகு தனியாகப் போடுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராததும், பொருளைப் பற்றித் தவறான விவரம் சொல்லி விற்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. ஜிபே, போன்பே மூலம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சாட்சி. அளவுகோலோடு மீனைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பேசுங்கள். மீனை வலைபோட்டுப் பிடித்து எடுத்துப் போக வேண்டாம். கெளுத்தி முள் உங்களுக்குத் தெரியாததா, இதற்கும் அதே முள்தான், வலையில் சிக்கிக் கிழிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 480 ரூபாய்க்காக அங்கே அலைவதைவிட, கடையில் பாதிப் பணத்தைக் கழித்துக்கொண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் நல்ல மணலும் கேட்டு வாங்குவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

ஒன்றரை அடித் தொட்டி இந்த நான்குக்குச் சின்னது. இரண்டரை அடிக்கு மாற முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். பாவம் பார்த்து ஊரணியிலோ கண்மாயிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.