முயல் தீனியைத் தொடவில்லை: நாளை வரை பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் முயலுக்கு மூன்று வயது, எடை இரண்டு கிலோ. நேற்று இரவு முதல் தீனியைத் தொடவில்லை. மூலையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. அதை எங்களுக்கு விற்றவரைக் கேட்டோம். வயிற்றில் முடி அடைத்திருக்கும், ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்றார். பசி எடுக்க ஒரு டானிக்கும், ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார். இப்போது மதியம். நாளை வரை பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்கக் கூடாது. முயல் இன்னும் சாப்பிடவில்லை என்றால், முதலில் ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். மீதியை அதற்குப் பிறகு படிக்கலாம்.

ஒரு நாய் ஒரு வேளை, இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்திருந்தால் நானும் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்வேன். முயலுக்கு அந்தச் சலுகை இல்லை. 12 மணி நேரம் வாயில் எதுவும் போகவில்லை, அல்லது புழுக்கை விழவில்லை என்றால் அது அவசர நிலை. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பதறச் சொல்லவில்லை, கிளம்பச் சொல்கிறேன்.

ஏன் இத்தனை அவசரம் என்றால், முயலின் குடல் இடைவிடாமல் ஓடவேண்டிய இயந்திரம். நார் நிறைந்த தீனி மேலிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் அது நகரும். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதற்குள் வாழும் நுண்ணுயிரிகள்தான் முயலுக்குப் பாதிச் சமையலைச் செய்து தருகின்றன. மேலிருந்து வரத்து நின்றால் குடல் மந்தமாகும். உள்ளே இருப்பது நீர் வற்றி இறுகும். நுண்ணுயிரிகளின் சமநிலை கெட்டு வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலி, வலித்தால் முயல் மேலும் சாப்பிடாது. இதைத்தான் குடல் தேக்கம் என்கிறோம். வாந்தி எடுத்துச் சுமையை இறக்கிக்கொள்ளவும் முயலால் முடியாது, அதன் உடலமைப்பு அப்படி. இதற்கிடையில் பட்டினியால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியத் தொடங்கும். கொழுத்த முயல் என்றால் இன்னும் வேகமாக.

ஆகவே ‘பசி எடுக்க வைப்பது’ என்ற பேச்சே தவறான இடத்தில் தொடங்குகிறது. உங்கள் முயல் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வலியின் உட்காரல். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பல்லை உரக்க நறநறவென்று கடித்தால் சந்தேகமே வேண்டாம். வலிக்கிற வயிற்றுக்கு டானிக் என்ன செய்யும்? அந்தப் புட்டிகள் பெரும்பாலும் சர்க்கரைப் பாகும் வைட்டமினும்தான். சர்க்கரை போய்ச் சேர்வது முயலுக்கு அல்ல, ஏற்கெனவே கெட்டுக் கிடக்கும் நுண்ணுயிரிகளுக்கு.

முடிக் கதைக்கு வருகிறேன். முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. அதன் வயிற்றில் எப்போதும் கொஞ்சம் முடி இருக்கும், அது புழுக்கையோடு வெளியேறிவிடும். குடல் நின்று நீர் வற்றும்போதுதான் அந்த முடியும் தீனியும் சேர்ந்து களிமண்போல இறுகுகின்றன. பெரும்பாலான நேரங்களில் முடி உருண்டை நோயின் விளைவு. விற்பவர்கள் அதைக் காரணமாக்கி மருந்து விற்கிறார்கள். அன்னாசிச் சாறு முடியைக் கரைக்கும் என்று உங்களிடம் யாராவது சொல்லப்போகிறார்கள். கரைக்காது. அதுவும் சர்க்கரைதான்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது அந்த ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைப் பற்றி. புட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், இவற்றில் எதுவாக இருந்தாலும் ஒரு சொட்டுகூட முயலின் வாயில் விடாதீர்கள். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் அன்றாடம் கொடுக்கப்படும் மருந்துகள்தானே என்று தோன்றும். முயலுக்கு இவற்றை வாய்வழி கொடுத்தால், அந்தப் பையிலுள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து நச்சை உண்டாக்கும் கிருமிகள் பெருகும். சில நாட்களில் வயிற்றுப்போக்கு, பிறகு மரணம். முயலுக்கு ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக்குகளும் உண்டு; அதைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. தீனி விற்பவர் மருந்தும் விற்கிறார் என்றால் அவரை நம்புவதற்கு ஒரு காரணம் குறைகிறது என்றுதான் பொருள்.

நான் பார்த்த வரையில் இந்த வியாபாரத்தின் சுழற்சி இப்படி: தாயிடம் இன்னும் பால் குடிக்க வேண்டிய நான்கு வாரக் குட்டியை ‘குள்ள இனம், இதற்குமேல் வளராது’ என்று விற்பார்கள். கூடவே வண்ண வண்ணமாக விதையும் தானியமும் கலந்த தீனிப் பை. ‘முயல் தண்ணீர் குடிக்காது, வைக்காதீர்கள்’ என்று இலவச அறிவுரை வேறு. முயல் தண்ணீர் குடிக்கும். கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லி வரைகூடக் குடிக்கும். நாரில்லாத தீனி, தண்ணீரில்லாத கூண்டு, இரண்டும் சேர்ந்தால் குடல் நிற்கத்தான் செய்யும். அப்போது அதே ஆள் டானிக்கோடு வருவார்.

மருத்துவரிடம் போகும்வரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 38-க்குக் கீழே இறங்குவது கெட்ட அறிகுறி. காது சில்லென்று இருந்து முயலும் துவண்டிருந்தால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வையுங்கள். சுடுகிறது என்றால் முயல் விலகிப் போக இடம் இருக்கவேண்டும். தண்ணீரைக் குழாய்ப் பாட்டிலில் வைக்காமல் கிண்ணத்தில் வையுங்கள். நோயுற்ற முயல் குழாயோடு மல்லுக்கட்டாது. உலர்புல்லையும், கொத்தமல்லிபோல மணமுள்ள தழையையும் மூக்கருகே வைத்துப் பாருங்கள். தானாக இரண்டு இலை கடித்தால் நல்லது, ஆனால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, சிரிஞ்சு வழியாக ஊட்டுவது. புல் தின்னும் சிறு பிராணிகளுக்கென்றே நோய்க்காலத் தீனித் தூள் கிடைக்கிறது. அது கையில் இல்லை என்றால் வழக்கமான உருண்டைத் தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கலாம். இரண்டு கிலோ முயலுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 20 மில்லி, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து சிரிஞ்சை நுழைத்து, அரை மில்லி, ஒரு மில்லியாக விட்டு, மென்று விழுங்கிய பிறகு அடுத்ததைக் கொடுங்கள். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இதைச் சொன்ன கையோடு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. குடல் தேக்கத்துக்கும் குடல் அடைப்புக்கும் வேறுபாடு உண்டு. தேக்கத்தில் முயல் ஓரிரு நாட்களாகவே மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் குறைத்திருக்கும், புழுக்கை சிறுத்துக் காய்ந்து விழுந்திருக்கும். அடைப்பு அப்படி வராது. காலையில் துள்ளிக்கொண்டிருந்த முயல், சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துவண்டு படுத்துவிடும். இறுகிய முடிக்கட்டு ஒன்றோ, விழுங்கிய துணியோ கம்பளமோ சிறுகுடலில் சிக்கியிருக்கும். அதற்கு மேலே இரைப்பையில் திரவமும் வாயுவும் நிரம்பிக்கொண்டே போகும், வாந்தியும் வராது. அந்த நிலையில் நீங்கள் சிரிஞ்சில் கூழ் ஊட்டுவது, ஊதிய பலூனுக்கு மேலும் காற்றடிப்பதுதான். இரைப்பை கிழிந்துவிடலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? முயலைத் தரையில் நிற்கவைத்து, இடப்பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் விரல் நுனிகளால் மெல்ல அழுத்துங்கள். பிசைந்த மாவுபோல அமுங்கினால் ஊட்டலாம். தட்டினால் மத்தளம்போல இறுகி, விலாவுக்கு வெளியே புடைத்திருந்தால் வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், வயிற்றை நீவிவிடாதீர்கள், குடலை ஓடவைக்கும் மருந்தும் கூடாது, வண்டியை எடுங்கள். மாவா, மத்தளமா என்று புரியவில்லை என்றாலும் மத்தளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதும் உதவும்: அது டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 360 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அடைப்பு என்ற சந்தேகம் வலுக்கும். நீங்கள் எழுதியதில் எத்தனை நாளாகப் புழுக்கை குறைந்தது என்ற தகவல் இல்லை. அதனால் ஊட்டத் தொடங்குவதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

தேக்கம்தான் என்றால் மருத்துவர் வலிமருந்தும் நீரேற்றமும் கொடுத்து, தேவைப்பட்டால் குடலை ஓடவைக்கும் மருந்தும் சேர்ப்பார். பெரும்பாலும் முயல் தேறிவிடும். ஆனால் தேக்கம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அதை விட்டுவிட்டால் அடுத்த மாதம் இதே கேள்வியை எழுதுவீர்கள். பயம், இடமாற்றம், வெயில், சிறுநீர்க்கல் என்று பல இருக்கின்றன. முதலில் நான் பார்ப்பது பல்லை. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். தேயாத கடைவாய்ப் பல் முள்ளாக நீண்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும். தீனியிடம் ஆசையாக வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிட்டுத் திரும்பினால், முகவாய் ஈரமாக இருந்தால், பல்தான். உதட்டைத் தூக்கி முன்பற்களை மட்டும் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் பரிசோதனை முடியவில்லை. நகவெட்டியால் முன்பல்லை நறுக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அப்படி வெட்டினால் பல் வேர்வரை பிளக்கலாம்.

எங்கள் துறையையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள் மாட்டையும் நாயையும் பார்த்துப் பார்த்துப் பழகுகிறார்கள். முயலுக்குப் பாடப்புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள்தான் மிஞ்சுகின்றன. மருந்துப் பெட்டியில் நாய்க்கு அளவு இருக்கும், பூனைக்கு இருக்கும், முயலின் பெயரே இருக்காது. இரவு நேர மருத்துவமனைகளில் ‘முயல் பார்ப்பதில்லை’ என்று சொல்வதற்கு முன் உங்களை அரை மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். கருத்தடை அறுவைக்கு முந்தின இரவிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதிய சீட்டோடு ஒரு முயல் என்னிடம் வந்திருக்கிறது. நாய், பூனைக்கு அடித்து வைத்த சீட்டு அது. அறுவையின்போது வாந்தி வந்துவிடும் என்பதற்காக அவற்றுக்குப் பட்டினி. வாந்தியே எடுக்காத பிராணிக்கு அது எதற்கு? அந்த முயல் அறுவை முடிந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

அதனால் தொலைபேசியில் ‘முயல் பார்ப்பீர்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள். பலரும் பார்ப்போம் என்றுதான் சொல்வார்கள். ‘அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொல்வீர்களா’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணைச் சுழற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேறு யாரும் கிடைக்கவில்லை என்றால், இருப்பவரிடமே போங்கள். வலிமருந்தும் நீரேற்றமும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் தெரிந்தவைதான்.

கூடையின் அடியில் வழுக்காத துணி விரித்து, கொஞ்சம் உலர்புல் போட்டுக் கொண்டுபோங்கள். ஜோடி முயல் இருந்தால் அதையும் அதே கூடையில் வையுங்கள். கூட்டாளி பக்கத்தில் இருந்தால் பாதி பயம் குறையும். கடைசியாக விழுந்த புழுக்கைகளை ஒரு காகித உறையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொட்டு மருந்துப் புட்டியையும் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே எத்தனை வேளை, எத்தனை சொட்டு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் சுற்றிக் கொண்டுபோய் மருத்துவர் கையில் கொடுங்கள்.