பணம் போடுகிறவரா தயாரிப்பாளர்?

கேள்வி: 2024-இல் ஹாலிவுட் தயாரிப்பாளர், இயக்குநர் ரோஜர் கார்மன் மறைந்தபோது உலகமே புகழ்ந்து தள்ளியது. இரண்டு நாளில் பேய்ப்படம் எடுத்துக் காசு பார்த்தவருக்குக் கௌரவ ஆஸ்கர் வேறு! ஹாலிவுட்டிலும் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர்தானே? அதில் என்ன திறமை இருக்கிறது? - ஒரு வாசகர், சிவகாசி

பதில்: பணம் போடுவதுதான் தயாரிப்பு என்றால் கார்மன் அந்தத் தொழிலுக்குள் வந்தே இருக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டில் தொழிற்பொறியியல் படித்துவிட்டு, ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் தபால் கொண்டு கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர் அவர். 1954-இல் முதல் படத்தைத் தயாரித்தபோது அவரிடம் இருந்த ரொக்கம் ஏறத்தாழ 12,000 டாலர். ஆறு நாள் ஷூட்டிங். கதைக்கு ஒரு குட்டி நீர்மூழ்கி தேவைப்பட்டது. அதைச் செய்த நிறுவனத்திடமே போய், 'படத்தில் காட்டுகிறேன், உங்களுக்கு விளம்பரம்' என்று பேசி, வாடகை இல்லாமல் வாங்கிவந்தார்.

படம் எடுப்பதைவிடப் பெரிய சிக்கல் அதற்குப் பிறகு வருவது. விநியோகஸ்தர் முதலில் தன் கமிஷனை எடுப்பார், பிரிண்ட் செலவைக் கழிப்பார், விளம்பரச் செலவைக் கழிப்பார். மிச்சம் இருந்தால்தான் தயாரிப்பாளருக்கு. அதுவும் மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு. கையில் இருந்ததெல்லாம் முதல் படத்தில் முடங்கிக் கிடக்கும்போது அடுத்த படத்தை எதைக் கொண்டு தொடங்குவது? படம் ஓடியும் தயாரிப்பாளர் மூழ்குவது இந்த இடைவெளியில்தான். கார்மன் இதைத் தன் இரண்டாம் படத்திலேயே அடைத்தார். பெரிய கம்பெனிகள் அதை வாங்க முன்வந்தும் கொடுக்கவில்லை. அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு சின்ன விநியோக நிறுவனத்திடம் போனார். அவர் போட்ட நிபந்தனை: ஒரு படமல்ல, வரிசையாகப் படங்கள் தருகிறேன்; ஒவ்வொன்றுக்கும் முன்பணம் தரவேண்டும். ஒரு படத்தின் பணம் அடுத்த படத்துக்கு உடனே கைக்கு வந்தது. பின்னாளில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று பெயர் வாங்கிய நிறுவனம் அது.

அந்த நிறுவனத்தாருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலம். அதில் முதன்மைப் படத்துக்கு வசூலில் பங்கு, கூடவே ஓடும் துணைப்படத்துக்கு ஒரு மொத்தத் தொகை, அவ்வளவுதான். சின்னப் படங்கள் துணைப்படமாகவே போய்ச் செத்துக்கொண்டிருந்தன. இவர்கள் தங்கள் படங்களில் இரண்டை ஜோடியாகச் சேர்த்தே கொடுத்தார்கள். பங்கு முழுவதும் ஒரே இடத்துக்கு வந்தது.

நீங்கள் சொன்ன 'இரண்டு நாள் படம்' 1960-இல் வந்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்'. அந்த இரண்டு நாளும் செட்டுக்குள் எடுத்த காட்சிகளுக்கு மட்டும். தெருக்காட்சிகள் தனியே எடுக்கப்பட்டவை. வேறொரு படத்துக்குப் போட்ட செட் பிரிக்கப்படாமல் நின்றது. அதற்கேற்பக் கதை எழுதி, ஒத்திகை பார்த்து, இரண்டு கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். அவசரமாக எடுத்தால் இது நடக்காது. உதாரணத்துக்கு, 90 பக்க ஸ்கிரிப்டைப் பத்து நாளில் முடிக்க ஒரு நாளைக்கு ஒன்பது பக்கம் ஆகவேண்டும். ஷூட்டிங்கில் நேரத்தைத் தின்பது நடிப்பல்ல, லைட்டிங். ஆகவே ஒரு திசையைப் பார்க்கும் ஷாட்டுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கேமராவை மறுபக்கம் திருப்ப வேண்டும். இந்த வரிசையை முதல்நாள் இரவே எழுதி வைக்காதவர் மதியத்துக்குள் அரைநாளை இழந்திருப்பார். இதே படத்தில் கார்மன் சறுக்கியதையும் சொல்லவேண்டும்: காப்புரிமையை அவர் பொருட்படுத்தவில்லை. படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள்.

செலவைக் குறைக்க மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். அதே ஆண்டு அமெரிக்கன் இன்டர்நேஷனல் கம்பெனி இரண்டு கறுப்பு-வெள்ளைப் படங்கள் கேட்டது, படத்துக்குப் பத்து நாள். அந்தப் பணத்தைச் சேர்த்து, திகில் கதைகளுக்குப் பேர்போன எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதையை ஒரே கலர் படமாகப் பதினைந்து நாளில் எடுக்கிறேன் என்று வாதாடி வென்றார். அது ஒரு வரிசைக்கே வழிவிட்டது. அதற்காக எடுத்த தீப்பற்றி எரியும் காட்சி அடுத்தடுத்த போ படங்களிலும் வந்தது!

'காசு பார்த்தவர்' என்கிறீர்கள். 1962-இல் 'தி இன்ட்ரூடர்' என்ற படத்தை அவரும் தம்பி ஜீனும் சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்தார்கள். பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதை எதிர்த்து ஊரைத் தூண்டிவிடும் ஒருவனின் கதை. படமெடுத்த மிசௌரி மாநிலத்து ஊர்களிலேயே எதிர்ப்பு. தியேட்டரிலும் பணம் திரும்பவில்லை. நஷ்டம் தரக்கூடிய படம் என்று தெரிந்தே எடுத்தார். அந்த ஒரு படத்துக்காகவே நான் அவரை மதிப்பேன்.

1970-இல் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் தொடங்கி விநியோகத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் படங்களை விற்ற அதே அலுவலகம்தான் ஸ்வீடன் நாட்டுக் கலைப்பட இயக்குநர் பெர்க்மனின் 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்' படத்தை அமெரிக்காவில் வெளியிட்டு, காரில் உட்கார்ந்து பார்க்கும் டிரைவ்-இன் வரை கொண்டுபோனது. 1983-இல் கம்பெனியை 1.65 கோடி டாலருக்கு விற்றபோதும் பழைய படங்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கார்மனிடம் சம்பளம் குறைவு, உண்மை. பெண்களைக் கவர்ச்சிப் பொருளாக்கிய படங்களும் நிறைய உண்டு. அவற்றை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பின்னாளில் பெரிய இயக்குநர்களான கொப்போலா, ஸ்கார்செசி, ஜேம்ஸ் கேமரூன் ஆகியோர் தொடக்கத்தில் வேலை கற்ற இடங்களில் அவருடைய செட்டும் ஒன்று. 2009-இல் கொடுத்த ஆஸ்கரில் அதற்கும் பங்குண்டு.

'என்ன திறமை' என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. நடிகர் போரிஸ் கார்லோஃப் கார்மனுக்கு இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருந்தார். பீட்டர் போக்டனோவிச் என்ற இளைஞரைக் கூப்பிட்டு கார்மன் சொன்னது இதுதான்: அந்த இரண்டு நாளில் கார்லோஃபை வைத்து 20 நிமிடம் எடு, அவர் நடித்த என் பழைய படத்திலிருந்து 20 நிமிடம் எடுத்துக்கொள், மற்ற நடிகர்களை வைத்து 40 நிமிடம் எடு, 80 நிமிடப் படம் கிடைத்துவிடும். அப்படித் தொடங்கியதுதான் 1968-இல் வந்த 'டார்கெட்ஸ்'. போக்டனோவிச் பழைய படத்திலிருந்து கொஞ்சமே எடுத்துக்கொண்டார். தேடிப் பாருங்கள்.